பாஸ்டனில் ஒரு பச்சைச் சுவர்

பாஸ்டன் நகரத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கென்று ஒரு ஜாபிதா இருக்கிறது. 1773-ல் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டினார்களே, அந்தத் துறைமுகம். ஆற்றுக்கு அக்கரையில் ஹார்வர்டு சர்வகலாசாலை. சுதந்திரப் போர்க் காலத்துச் செங்கல் கட்டடங்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் அந்த ஊரில் இருப்பதால் நானும் ஒரு மே மாதத்தில் போய், ஜாபிதாவில் கண்டபடி எல்லாவற்றையும் பார்த்து முடித்தேன். எல்லாம் பார்க்க வேண்டியவைதான், சந்தேகமில்லை. ஆனால் இன்று யாராவது 'பாஸ்டன்' என்று சொன்னால் என் கண் முன்னால் வந்து நிற்பது அவற்றில் ஒன்றும் இல்லை. ஒரு சுவர்தான் வந்து நிற்கிறது. முப்பத்தேழு அடி உயரம். உடம்பெல்லாம் கரும்பச்சை வர்ணம். அந்தச் சுவரைப் பற்றியும், அதைப் பார்த்தபடி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரைப் பற்றியும் உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

அந்தச் சுவர் இருப்பது ஃபென்வே பார்க் என்னும் பேஸ்பால் மைதானத்தில். 1912-ம் வருஷம் ஏப்ரல் 20-ந் தேதி திறந்தார்கள். 'டைட்டானிக்' கப்பல் மூழ்கி அப்போது ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. அமெரிக்கப் பெரிய லீக்கில் முப்பது கோஷ்டிகள் ஆடுகின்றன. அவற்றின் மைதானங்களுக்குள் இதுதான் வயதில் மூத்தது. பாஸ்டன் ரெட் சாக்ஸ், அதாவது 'சிவப்புக் காலுறை' என்ற கோஷ்டிக்கு இது சொந்த வீடு.

மாப்பிள்ளை எனக்கும் அவருக்குமாக இரண்டு டிக்கெட் வாங்கியிருந்தார். கடைசி நிமிஷத்தில் ஆபீசில் ஏதோ அவசரம். "மாமா, நீங்கள் மட்டும் போய் வாருங்கள். பச்சை லைன் வண்டியில் ஏறி கென்மோரில் இறங்குங்கள். அப்புறம் வழி கேட்க வேண்டாம். கூட்டம் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் போனால் போதும்" என்றார்.

அவர் சொன்னது மெத்தச் சரி. கென்மோரில் இறங்கியதும் தேரோட்டத்தன்று மாடவீதியில் அகப்பட்டுக்கொண்ட மாதிரி ஆயிற்று. தாத்தா, பேரன், கைக்குழந்தை, எல்லாருடைய தலையிலும் சிவப்பு 'பி' எழுத்துப் போட்ட நீலத் தொப்பி. தெருவோரத் தள்ளுவண்டிகளில் வெங்காயமும் குடைமிளகாயும் வதங்குகிற வாசனை. உள்ளே போனால் மர நாற்காலி. அந்தக் காலத்து அமெரிக்கர்கள் நம்மைப்போல் ஒல்லியாக இருந்திருக்க வேண்டும். இக்காலத்தவர்கள் அதில் உட்காருவதைப் பார்த்தால் பரிதாபமாக இருக்கிறது. சில இடங்களில் இரும்புத் தூண் வேறு கண்ணை மறைக்கும். கடலை விற்கிறவர் பத்து வரிசைக்கு அப்பாலிருந்து பொட்டலத்தை வீசுகிறார்.  பொட்டலத்தில் என்ன? நம்முடைய ஓட்டோடு வறுத்த வேர்க்கடலையேதான்!

ஆட்டம் எப்படி என்று கேட்கிறீர்களா? கோஷ்டிக்கு ஒன்பது பேர். நடுவே ஒரு சின்ன மேட்டில் நிற்கிற 'பிட்சர்' பந்தைத் தரையில் குத்தாமல் நேரே எறிகிறார். எதிரே உருண்டைத் தடியுடன் நிற்பவர் அடிக்க வேண்டும். அடித்துவிட்டு ஓடி, தொண்ணூறு அடிக்கு ஒன்றாக வைத்திருக்கும் மூன்று 'பேஸ்'களையும் தொட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தால் ஒரு ரன். மூன்று நல்ல பந்தைக் கோட்டை விட்டால் அவுட். நான்கு கெட்ட பந்துகளை அடிக்காமல் விட்டுவிட்டால் முதல் பேஸுக்குச் சாவகாசமாக நடந்து போகலாம். மூன்று பேர் அவுட்டானதும் மறு கட்சியின் முறை. இப்படி ஒன்பது சுற்று. இதற்குமேல் போனால் அது சமுத்திரம். எனக்கும் நீச்சல் தெரியாது.

அந்தச் சமுத்திரத்தில் ஆயுள் முழுவதும் நீந்தியவர் என் பக்கத்து நாற்காலிக்காரர். கறுப்பு நிறத்தவர். எழுபத்தெட்டு வயது. தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். மடியில் ஒரு அட்டை, கையில் பென்சில். ஒவ்வொரு பந்துக்கும் அட்டையில் என்னமோ குறித்துக்கொண்டே இருந்தார். நான் எட்டிப் பார்ப்பதைக் கண்டுகொண்டு, அட்டையை என் பக்கம் திருப்பினார். பின்பக்கத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பெயர்கள்.

"இது என்ன?"

"என் கோஷ்டி. நான் நிர்வாகியாக இருந்தால் யார் யாரை வைத்துக்கொள்வேன் என்ற பட்டியல். ஐம்பது வருஷமாக எழுதுகிறேன். அவர்கள் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை."

நமக்கும் இந்த வியாதி உண்டல்லவா? டெஸ்ட் மாட்சுக்குப் பதினோரு பேரைப் பொறுக்குவதில் நம் ஊர்த் திண்ணைகளுக்கு ஈடேது! ஆனால் பெரியவர் பட்டியலில் ஒரு விசித்திரம் இருந்தது. அவர் மேலேயிருந்து எழுதவில்லை. அடியிலிருந்து எழுதிக்கொண்டு வந்திருந்தார்.

அதற்குக் காரணம் சொன்னார். ஒரு கோஷ்டியின் பட்டியலில் இருபத்தாறு பேர் இருக்கலாம். அதில் பிட்சர்கள் பதின்மூன்று பேருக்கு மேல் கூடாது. அந்தப் பதின்மூன்றில் ஐந்து பேர் முறை வைத்து ஆட்டத்தை ஆரம்பிக்கிறவர்கள். ஒருநாள் எறிந்தால் நான்கைந்து நாள் கைக்கு ஓய்வு வேண்டும். மற்ற எட்டுப் பேர் நடுவில் புகுந்து தாங்குகிறவர்கள். மீதிப் பதின்மூன்று பேரில் ஒன்பது பேர் தினமும் அடிக்கிறவர்கள். ஆக, பெஞ்சில் உட்கார்ந்திருக்கப்போகிறவர்கள் நான்கே நான்கு பேர்.

"ஒன்பது பேரை யார் வேண்டுமானாலும் சொல்லிவிடுவார்கள், ஐயா. பத்திரிகையில் படம் வருகிறதே, அவர்கள்தான். நான் அந்த நாலு பேரைத்தான் முதலில் எழுதுவேன். நூற்றறுபத்திரண்டு ஆட்டம் ஆட வேண்டும். மார்ச் மாதத்தில் கம்பீரமாக இருக்கிற ஒன்பது பேரில் ஆகஸ்டில் எத்தனை பேர் கையில் கட்டுடன் உட்கார்ந்திருப்பார்கள், தெரியுமா?"

நான் தலையை ஆட்டினேன். அந்தச் சமயம் பார்த்து ஒருவர் பந்தை உயரத் தூக்கி அடித்தார். எனக்கு அது சுலபமான காட்சாகத்தான் தோன்றிற்று. பந்து போய்ச் சுவரில் 'தட்' என்று மோதித் திரும்பி வந்தது. அடித்தவர் இரண்டாம் பேஸில் நின்றுகொண்டு தொடையில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். ஜனங்கள் எழுந்து நின்று ஆர்ப்பரித்தார்கள்.

'பச்சை ராட்சசன்' என்று இந்தச் சுவருக்குப் பெயர். அடிக்கிறவர் நிற்கும் இடத்திலிருந்து இடது கோடியில் 310 அடி தூரத்தில் இருக்கிறது. பெரிய லீக்கில் அது மிகவும் கிட்டம். பின்னால் தெரு இருப்பதால் தள்ளிக் கட்ட இடமில்லை. தூரத்தில் செய்ய முடியாததை உயரத்தில் செய்துவிட்டார்கள். முன்னே விளம்பரங்களாக இருந்ததை 1947-ல் அழித்துப் பச்சை பூசினார்கள். அடியில் கணக்குப் பலகை. அதில் எண்களை இன்றும் ஆள்தான் மாற்றுகிறார். சுவருக்குள் ஆள் இருக்கிறார் என்றால் நம்புவீர்களா? இருக்கிறார். உலோகத் தகட்டில் எழுதிய எண்ணை அவர் மாட்டுவதை நான் கண்ணால் பார்த்தேன்.

"இந்தச் சுவர் எங்களை ரொம்ப நாள் ஏமாற்றிவிட்டது" என்றார் பெரியவர். "வலது கைக்காரன் ஓங்கி அடித்தால் பந்து நேரே அங்கே போகும். ஆகவே வலது கைப் பலசாலிகளாகத் தேடித் தேடிச் சேர்த்தார்கள். ஓடத் தெரியாது. பந்தை நிறுத்தத் தெரியாது. எண்பத்தோரு ஆட்டம் இங்கே, சரி. பாக்கி எண்பத்தொன்றுக்கு இந்தச் சுவரைத் தூக்கிக்கொண்டா போக முடியும்?"

நிலைப்படி உயரத்துக்கு மாப்பிள்ளை தேடிய கதைதான்!

சுவருக்கு எதிர்ப்புறத்தில், வெகு தூரத்தில், ஆயிரக்கணக்கான பச்சை நாற்காலிகளுக்கு நடுவே ஒன்றே ஒன்று மட்டும் சிவப்பாக இருந்தது. நெற்றியில் குங்குமம் வைத்ததுபோல் பளிச்சென்று தெரிந்தது. 1946 ஜூன் 9-ந் தேதி டெட் வில்லியம்ஸ் அடித்த பந்து அங்கே போய் விழுந்ததாம். 502 அடி. அங்கே உட்கார்ந்திருந்த மனிதரின் ஓலைத் தொப்பி அதில் பொத்தலாகிவிட்டது.

டெட் வில்லியம்ஸ் 1939-ல் வந்து, நடுவில் இரண்டு யுத்தங்களுக்குப் போய்த் திரும்பி, 1960 வரை இந்தக் கோஷ்டிக்கே ஆடினார். 1941-ல் அவருடைய சராசரி .406. பத்துத் தடவை அடிக்க நின்றால் நாலு தடவை வெற்றி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கப்புறம் 2025 முடிய, பெரிய லீக்கில் ஒரு முழுப் பருவத்தில் அந்த நாலைத் தொட்டவர் எவரும் இல்லை. அப்பேர்ப்பட்டவருக்கு ஒரு சாம்பியன் பட்டம்கூடக் கிட்டவில்லை. 1946-ல் ஏழாவது ஆட்டம் வரை போய்த் தோற்றார்கள். 1948-ல் சமமாக முடிந்து, கூடுதலாக வைத்த ஒரே ஆட்டத்தில் தோற்றார்கள். 1949-ல் பருவத்தின் கடைசி நாளன்று நியூயார்க் யாங்கீஸிடம் கோட்டை விட்டார்கள்.

"மூன்று தடவை, மயிரிழையில்! துரதிர்ஷ்டம்தான்" என்றேன்.

பெரியவர் பென்சிலை அட்டைமேல் வைத்தார்.

"துரதிர்ஷ்டம் இல்லை, ஐயா. இன்னும் ஒரே ஓர் ஆள் இருந்திருந்தால் போதும். அந்த ஆள் இதோ இந்த மைதானத்துக்கு வந்தான். தடியை வாங்கி இந்தச் சுவரிலேயே அடித்துக் காட்டினான். போகச் சொல்லிவிட்டார்கள்."

1945 ஏப்ரல் 16. அந்நாளில் பெரிய லீக்கில் கறுப்பர்களைச் சேர்ப்பதில்லை, எழுதாத சட்டம். நகரசபை உறுப்பினர் ஒருவரும் கறுப்பர் பத்திரிகைக்காரர் ஒருவரும் நெருக்கியதன் பேரில் மூன்று கறுப்பு ஆட்டக்காரர்களுக்கு ஃபென்வேயில் பரீட்சை வைத்தார்கள். பேர் பண்ணிவிட்டார்கள், அவ்வளவுதான்; அப்புறம் ஒரு கடிதம்கூடப் போடவில்லை. அந்த மூவரில் ஒருவர் ஜாக்கி ராபின்சன். அதே வருஷம் புரூக்ளின் கோஷ்டி அவரை எடுத்துக்கொண்டது. 1947-ல் அவர் பெரிய லீக்கில் கால் வைத்ததிலிருந்து அமெரிக்கப் பேஸ்பாலின் சரித்திரமே மாறிவிட்டது. இன்னொருவர் சாம் ஜெத்ரோ. அந்நாளில் இதே பாஸ்டனில் 'பிரேவ்ஸ்' என்று இன்னொரு கோஷ்டி இருந்தது. அது 1950-ல் ஜெத்ரோவை எடுத்துக்கொள்ள, தம் லீக்கில் அந்த வருஷத்தின் சிறந்த புதுமுகம் என்ற பரிசை அவர் தட்டிக்கொண்டு போனார். ரெட் சாக்ஸ் மட்டும் அசையவில்லை. அப்போதிருந்த பதினாறு கோஷ்டிகளில் கடைசியாகக் கதவைத் திறந்தது அதுதான். அது 1959-ல்.

திறமையைக் கண்ணால் பார்த்துவிட்டும் வாசலோடு அனுப்பிவிடுவதைப் பற்றி நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. நான் பேசாமல் இருந்தேன்.

"என் அப்பா ரயில்வேயில் போர்ட்டர்" என்று அவரே தொடர்ந்தார். "பேஸ்பால் என்றால் உயிர். ஆனால் இந்த மைதானத்து வாசலை மிதிக்க மாட்டேன் என்று வைராக்கியம். ஜெத்ரோவைப் பார்க்க பிரேவ்ஸ் மைதானத்துக்குத்தான் போவார். 1953-ல் பிரேவ்ஸ் கோஷ்டி மில்வாக்கிக்குக் குடிபோய்விட்டது. அப்புறம் அவருக்குப் போக இடமில்லை. ஒரு மைல் தூரத்தில் இந்த மைதானத்துச் சத்தம் கேட்கும். அவர் ஜன்னலைச் சாத்திவிடுவார்."

1959-ம் வருஷம் ஜூலை மாதம் பம்ப்ஸி கிரீன் என்ற கறுப்பு இளைஞரை ரெட் சாக்ஸ் எடுத்துக்கொண்டது. வெளியூர் ஆட்டங்கள் முடிந்து ஆகஸ்டில் அவர் முதன்முதலாக ஃபென்வேயில் ஆட வந்தார். அன்று போர்ட்டர் தம் பதினோரு வயது மகனின் கையைப் பிடித்துக்கொண்டு இந்த மைதானத்துக்குள் நுழைந்தாராம்.

"கிரீன் முதல் தடவை அடிக்க வந்தார். அடித்தார் பாருங்கள், நேரே இந்தச் சுவரில்! மூன்றாம் பேஸ் வரை ஓடிவிட்டார். கூட்டம் முழுவதும் எழுந்து நின்றது. நான் நாற்காலிமேல் ஏறிக் குதித்தேன். அப்பா எழுந்திருக்கவில்லை. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். கை தட்டவும் இல்லை. வீட்டுக்குப் போகிற வழியில் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். 'பதினாலு வருஷம்' என்றார்."

பம்ப்ஸி கிரீன் பெரிய நட்சத்திரமாகவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து, வேண்டியபோது எழுந்து ஆடுகிற ரகம். ஆட்டத்துக்கு முன் அவரோடு பந்து எறிந்து பழகத் தாமாகவே முன்வந்தவர், மாபெரும் டெட் வில்லியம்ஸ். பிற்காலத்தில், 1966-ல், தமக்குக் கிடைத்த பெரிய மரியாதையின்போது, இடமே கொடுக்கப்படாத கறுப்பு ஆட்டக்காரர்களுக்கும் இந்த மரியாதை கிடைக்க வேண்டும் என்று மேடையிலேயே சொன்னவரும் அவர்தான். மைதானத்து வாசல் தெருவுக்குப் பழைய முதலாளி டாம் யாக்கியின் பெயர் வைத்திருந்தார்கள். 2018-ல் அதை எடுத்துவிட்டுப் பழையபடி 'ஜெர்சி தெரு' ஆக்கிவிட்டார்கள். நான் உள்ளே வரும்போது அந்தப் பலகையைப் பார்த்திருந்தேன். அப்போது அதற்கு அர்த்தம் தெரியவில்லை.

பெரியவர் அடியிலிருந்து ஏன் எழுதுகிறார் என்பது எனக்குக் கொஞ்சம் புரிய ஆரம்பித்தது. ஆனால் எனக்கும் ஒரு கட்சி உண்டு. முப்பத்தைந்து வருஷம் கணக்கு எழுதிப் பிழைத்தவன் நான். "ஆட்களைப் பொறுக்குவது சரி, பணம் வேண்டாமா?" என்றேன்.

"பணமா? பேப் ரூத்தைப் பணத்துக்குத்தானே விற்றார்கள்!" என்று சிரித்தார்.

அந்தக் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 1919 முடிகிற தறுவாயில், நாடகக் கம்பெனி நடத்திவந்த அப்போதைய முதலாளி, பேப் ரூத்தை ஒரு லட்சம் டாலருக்கு யாங்கீஸுக்கு விற்றார். அந்த வருஷம்தான் ரூத் 29 ஹோம் ரன் அடித்துப் புதிய உச்சம் கண்டிருந்தார். அடுத்த வருஷம் நியூயார்க்கில் 54. அதுவரை ஐந்து பட்டம் வென்றிருந்த பாஸ்டன், 1918-க்கு அப்புறம் எண்பத்தாறு வருஷம் வெறுங்கையுடன் நின்றது. அதுவரை ஒரு பட்டமும் காணாத யாங்கீஸ் பிறகு இருபத்தேழு வென்றது. சாபம் என்றார்கள் ஜனங்கள். பெரியவருக்குச் சாபத்தில் நம்பிக்கை இல்லை. "1919-ல் செய்தது ஒரு தப்பு. அதற்கப்புறம் வருஷா வருஷம் செய்தது வேறு வேறு தப்பு. எல்லாவற்றையும் ரூத் தலையில் போட்டால் நிர்வாகிகளுக்குச் சௌகரியம்."

அந்த எண்பத்தாறு வருஷம் முடிந்த விதத்தை அவர் சொன்னபோது, எதிரே நடந்துகொண்டிருந்த ஆட்டத்தை இருவருமே மறந்துவிட்டோம்.

2004 அக்டோபர். யாங்கீஸுடன் ஏழு ஆட்டத் தொடர். முதல் மூன்றிலும் தோல்வி. மூன்றாவதில் 19-க்கு 8 என்று மானம் போயிற்று. மூன்று ஆட்டம் தோற்ற பிறகு நான்கை வரிசையாக வென்ற கோஷ்டி பேஸ்பால் சரித்திரத்திலேயே அதுவரை கிடையாது. 17-ந் தேதி இரவு, இதே மைதானத்தில் நாலாவது ஆட்டம். கடைசிச் சுற்று. ஒரு ரன் பின்தங்கல். எதிரே எறிகிறவர், அந்த வேலையில் உலகத்திலேயே முதல்வரான மரியானோ ரிவேரா.

பெரியவர் விரல் விட்டு எண்ணினார். "முதலில் வந்தவர் கெவின் மில்லார். ஃபுளோரிடா கோஷ்டி அவரை வேண்டாமென்று ஜப்பானுக்கு அனுப்பப் பார்த்தது. நாங்கள் நடுவில் புகுந்து வாங்கினோம். நாலு கெட்ட பந்தைப் பொறுமையாக விட்டு முதல் பேஸுக்கு நடந்தார். அவருக்குப் பதிலாக ஓட, பெஞ்சிலிருந்து டேவ் ராபர்ட்ஸ் எழுந்து வந்தார். அவரை வாங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை. அந்தத் தொடரில் அவர் ஒரு தடவைகூட அடிக்க நின்றதில்லை. அவருக்குத் தெரிந்தது ஓட்டம் ஒன்றுதான். இரண்டாம் பேஸைத் திருடப்போகிறார் என்று மைதானத்தில் அத்தனை பேருக்கும் தெரியும். யாங்கீஸுக்கும் தெரியும். திருடினார்! பில் மியூலர் அடித்த அடியில் ஓடி வந்து ரன்னும் எடுத்தார். ஆட்டம் சமம். பன்னிரண்டாவது சுற்றில் டேவிட் ஓர்டிஸ் ஹோம் ரன் அடித்து முடித்துவைத்தார். ஓர்டிஸ் யார்? 2002 டிசம்பரில் மின்னசோட்டா கோஷ்டி சும்மா கழற்றிவிட்ட ஆள். பன்னிரண்டரை லட்சம் டாலர் சம்பளத்துக்கு வந்தார்."

நான்கையும் வென்றார்கள். அடுத்து செயின்ட் லூயிஸையும் நாலுக்குப் பூஜ்யமாக வென்று பட்டத்தைக் கொண்டுவந்தார்கள். பெட்ரோ மார்டினெஸ், கர்ட் ஷில்லிங் போன்ற மகா பிட்சர்கள் அந்தக் கோஷ்டியில் இருந்தார்கள் என்பதையும், எண்களை அலசிக் கணக்குப் போடத் தெரிந்த இளைஞர் ஒருவர், தியோ எப்ஸ்டீன், இருபத்தெட்டு வயதிலேயே நிர்வாகியாகி இதையெல்லாம் செய்தார் என்பதையும் நான் பின்னால் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பெரியவர் பிட்சர்களைப் பற்றி அவ்வளவாகச் சொல்லவில்லை. பிரியம் வந்துவிட்டால் மனிதர்கள் கணக்கில் கொஞ்சம் கை வைப்பதுண்டு. ஓடிய ராபர்ட்ஸைப் பற்றிச் சொன்னதில் பாதியாவது எறிந்த ஷில்லிங்கைப் பற்றியும் சொல்லியிருக்கலாம்.

"அந்த வாரம் பாஸ்டன் கல்லறைத் தோட்டங்களைப் பார்த்திருக்க வேண்டும். அப்பாவுக்கு, தாத்தாவுக்கு என்று ஜனங்கள் கொடியும் தொப்பியும் கொண்டுபோய் வைத்தார்கள். நானும் அன்றைய பேப்பரை அப்பா கல்லறையில் வைத்துவிட்டு வந்தேன். பறக்காமலிருக்க ஒரு கல்லும் வைத்தேன்."

"அவருக்குத்தான் இந்தக் கோஷ்டியைப் பிடிக்காதே?"

"பிடிக்காது. ஆனால் தினமும் ராத்திரி, 'ஸ்கோர் என்ன?' என்று கேட்பார்."

எட்டாவது சுற்றுக்கு நடுவில் இங்கே ஒரு வழக்கம். 'ஸ்வீட் கரோலின்' என்ற பழைய சினிமா மெட்டுப் போன்ற பாட்டை ஒலிபெருக்கியில் வைக்கிறார்கள். மைதானமே சேர்ந்து பாடுகிறது. முப்பதாயிரம் தொண்டைகள்! எனக்குப் பின்னால் இருந்த பெண்மணி பாடிய சுருதிக்கு அந்தப் பாட்டு பொறுப்பாகாது. பெரியவர் பாடவில்லை, அந்த இடைவெளியில் அட்டையில் ஒரு பெயரை அழித்து வேறொன்று எழுதினார்.

அவர் அடங்காக் கோபம் கொண்டது மூக்கி பெட்ஸ் விஷயத்தில். 2011-ல், 171 பேரைப் பொறுக்கி முடிந்த பிறகு ரெட் சாக்ஸ் பொறுக்கிய பையன். சொந்தப் பண்ணையில் விதைத்து வளர்த்த பயிர். 2018-ல் தம் லீக்கின் தலைசிறந்த ஆட்டக்காரர் விருதும், கோஷ்டிக்குப் பட்டமும். சம்பளச் செலவு ஒரு வரம்பைத் தாண்டினால் லீக்குக்கு வரி கட்ட வேண்டும். அந்த வரம்புக்குள் வரவேண்டும் என்று 2020 பிப்ரவரியில் அவரை லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸுக்கு அனுப்பிவிட்டார்கள். டாட்ஜர்ஸ் அவருக்குப் பன்னிரண்டு வருஷத்துக்கு 36 கோடியே 50 லட்சம் டாலர் என்று எழுதிக் கொடுத்தது. அவர் அங்கே போய் 2020, 2024, 2025 என்று மூன்று பட்டம் வென்றுவிட்டார். அந்த மூன்றிலும் டாட்ஜர்ஸ் கோஷ்டியை நடத்தியவர் யார் தெரியுமா? 2004-ல் இங்கே பேஸ் திருடிய அதே டேவ் ராபர்ட்ஸ்!

"ஓடியவர் எங்கள் ஆள். அடித்தவர் எங்கள் ஆள். கோப்பை மட்டும் அவர்கள் அலமாரியில்" என்றார் பெரியவர். பெட்ஸ் போன பின் 2020, 2022, 2023 மூன்று வருஷங்களிலும் ரெட் சாக்ஸ் தன் பிரிவில் கடைசி.

எனக்குள் இருந்த கணக்குப்பிள்ளை விடவில்லை. ரயிலில் படித்துவைத்திருந்த ஒன்றை எடுத்து விட்டேன். 2025 ஜூன் மாதம் ராஃபேல் டெவர்ஸ் என்ற பெரிய அடிக்காரரையும் பாஸ்டன் இப்படித்தான் சான்பிரான்சிஸ்கோவுக்கு அனுப்பியது. ஊரே கூச்சல் போட்டது. ஆனால் அந்த வருஷம் நாலு வருஷத்துக்குப் பிறகு இறுதிப் போட்டிகளுக்குத் தகுதி பெற்றார்களே? அது எப்படி?

பெரியவர் சிறிது நேரம் கடலை உரித்தார். "சரி. அந்த ஒன்றில் என் கணக்குத் தப்பிவிட்டது" என்றார். பிறகு, "ஆனால் யாங்கீஸிடம்தானே தோற்று வெளியே வந்தோம்? கடைசி ஆட்டத்தில் நாலு ரன் அடிக்க ஆள் வேண்டாமா?" என்று கேட்டார். இதற்கு என்ன பதில் சொல்வது? பேஸ்பால் ரசிகரும் கிரிக்கெட் ரசிகரும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்!

ஆட்டம் முடிந்து ஜனங்கள் எழுந்துவிட்டார்கள். சுவருக்குள் இருந்தவர் கடைசி எண்ணை மாட்டிவிட்டார். பெரியவர் அட்டையை நாலாக மடிக்கப் போனபோது மறுபடி ஒரு தடவை பார்த்தேன். அடியில், அவர் முதலில் எழுத ஆரம்பிக்கும் அந்த இருபத்தாறாவது வரி மட்டும் வெறுமையாக இருந்தது.

"இந்த இடம் யாருக்கு?"

"அதுதான் தெரியவில்லை. வொர்ஸ்டர் போய்ப் பார்க்க வேண்டும்."

வொர்ஸ்டர் என்பது நாற்பது மைல் தள்ளி இருக்கும் ஊர். பெரிய கோஷ்டிக்கு வரவேண்டிய பையன்கள் ஆடிக் காத்திருக்கும் சின்னக் கோஷ்டி அங்கே இருக்கிறது. இந்த மைதானத்துக்குப் பக்கத்திலேயே லான்ஸ்டவுன் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் நேரே கொண்டுபோய் விட்டுவிடுமாம். வியாழக்கிழமை போகிறேன், பையன்கள் அடிப்பதைவிட ஓடுவதைப் பார்க்க வேண்டும் என்றார். தடியை ஊன்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். ஜெர்சி தெரு முனையில் கையை உயர்த்திவிட்டுக் கூட்டத்துக்குள் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள், "யார் ஜெயித்தார்கள், மாமா?" என்று மாப்பிள்ளை கேட்டார். நான் விழித்தேன். பிறகு, வியாழக்கிழமை என்னை எங்காவது அழைத்துப் போவதாக உத்தேசம் உண்டா என்று என் பெண்ணை விசாரித்தேன்.